ஆளேற்றி அளந்த கோணம்

புதன்கிழமை மத்தியானம் மூன்றாவது தடவையாகக் குழிக்குள் இறங்கியபோது எலோய் மாயெஸ்தாஸ் வண்டியைத் திட்டவில்லை. திங்கட்கிழமையே திட்டித் தீர்த்திருந்தான். செவ்வாய்க்கிழமை ஸ்பேனரை வீசியதில் கொட்டகைத் தகரம் பொத்தல் ஆனதுதான் மிச்சம்.

குழி அவனே வெட்டியது. கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்துக்காக மண்ரோட்டைச் சமன்செய்யும் இயந்திரம் ஓட்டுகிறவன். முப்பது வருஷமாக மண்ணோடு மல்லுக்கட்டிய கை. கொட்டகைக்கு நடுவில் ஆள் நிற்கும் ஆழத்துக்குத் தோண்டி, சுவர் சரியாமல் இருக்கப் பழைய ரயில்கட்டைகளை அடுக்கியிருந்தான். அதற்கு மேலே, நாலு சக்கரமும் தரையில் ஊன்றி, அவனுடைய கட்லஸ் கார் நின்றது. எண்பத்து நாலாம் வருஷத்து வண்டி. கத்தரிப்பூ நிறம். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சிகரெட் பெட்டியைப் படுக்கப்போட்டுத் தள்ளலாம். நிறுத்திவைத்தால் நசுங்கிவிடும்.

அந்தத் தாழ்வுதான் வினை. அக்டோபரில் அவன் மனைவி க்ளோரிண்டாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை தூக்கிய முதுகு. இரண்டு கம்பி, ஆறு திருகு. குளிர்காலம் முழுக்க மல்லாந்து கிடந்தாள். அவளுக்கு பீன்ஸ் வேகவைத்துக் கொடுத்து, குளிக்கவைத்து, அடுப்புக்கு விறகு போட்டது போக மீதி நேரத்தில் கை சும்மா இருக்கமாட்டாமல் எலோய் கொட்டகைக்குப் போனான். பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இன்னும் குட்டையான ஒன்றைப் போட்டான். வண்டி இரண்டு அங்குலம் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் உடம்பு இறங்கினால் அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளெல்லாம் கோணம் மாறும். அச்சுக்கு நடுவிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பினியன் என்கிற பல்தண்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. முன்னால் கியர்பாக்ஸின் வால், பின்னால் பினியனின் மூக்கு, நடுவில் இரண்டையும் இணைத்துச் சுழல்கிற ஷாஃப்ட். வால் மூன்று டிகிரி கீழே பார்த்தால் மூக்கு ஏறக்குறைய அதே அளவு மேலே பார்க்கவேண்டும். இழுக்கும்போது மூக்கு தானாகக் கொஞ்சம் எழும் என்பதால் ஒரு டிகிரி குறைத்து வைப்பது வழக்கம். அது தவறினால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் தன் மூட்டுகளோடு சண்டை போடும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகம் ஏற ஏற அந்தச் சண்டை சீட்டு வரைக்கும் வரும்.

குருத்தோலை ஞாயிறு பூசைக்கு, ஸ்பிரிங் மாற்றியபின் முதன்முதலாக வண்டியை வெளியே எடுத்தான். முன்னால் க்ளோரிண்டா. பின்னால் அவள் தங்கை வயோலாவும், அக்கா தங்கை இரண்டு பேரையும் வளர்த்த பெரியம்மா பெர்சபேயும். முப்பத்தைந்து மைல் வேகத்தில் அடியில் தேன்கூடு கலைந்தமாதிரி ஒரு உறுமல். நாற்பதில் பின்கண்ணாடி அதிர்ந்தது. க்ளோரிண்டா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து" என்றாள். இறங்கி ரோட்டோரமாக நின்றாள். பின்னால் தன் மாண்டே கார்லோ காரில் தனியாக வந்துகொண்டிருந்த வயோலாவின் புருஷன் லெவி நிறுத்தியதும், அதில் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "ஈஸ்டர் அன்னிக்கு நாங்க மூணு பேரும் லெவி வண்டியில வர்றோம். நீ தப்பா எடுத்துக்காத."

அவன் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டான். ஈஸ்டர் ஞாயிறு என்றால் பள்ளத்தாக்கில் அழகுக்காகத் தாழ்த்திய வண்டியெல்லாம் எஸ்பனோலா ஊரின் ரிவர்சைடு தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். ஜனம் நாற்காலி போட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும். பாதிப் பேர் வண்டியைப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக எலோய்க்குப் பக்கத்தில் க்ளோரிண்டா. ஊர் வாய் கிடக்கட்டும். அந்த சீட்டு காலி என்றால் வண்டியை எடுப்பதே இல்லை என்று அவன் முடிவு செய்திருந்தான்.

அதற்காகத்தான் வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டான், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரியான அச்சின் மேல்கைகள் இரண்டை வரவழைத்து மாட்டினான், குழிக்குள்ளேயே கிடந்தான்.

"சகல, இன்னும் உள்ளதானா? பேசாம ஒரு கட்டில் போட்டுக்கயேன்."

குழியின் விளிம்பில் லெவியின் பூட்ஸ் தெரிந்தது. தவக்காலத்துக்கு பீரை விட்டிருந்தான். கையில் ஆரஞ்சு சோடா. குடிக்காத லெவி குடித்த லெவியைவிட இரண்டு மடங்கு பேசினான்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"பீரும் கிடையாது, வேலையும் கிடையாது. நாப்பது நாளு ஓட்டணுமே. அதான் உன்னய பாத்துட்டு நிக்கேன்." சோடாவை உறிஞ்சினான். "உன் கொட்டகத் தரை வாய்க்கா பக்கமா சரிஞ்சிருக்கு, தெரியுமா? உன் கோணம் எல்லாமே தப்பு."

"தரை சரிஞ்சா வாலும் மூக்கும் சேந்தே சரியும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அந்த லைட்ட இந்தப் பக்கம் திருப்பு."

லெவி லைட்டை அந்தப் பக்கம் திருப்பினான். "ரிவர்சைடுல அஞ்சு மைல் வேகம்தானே. அங்க எங்க ஆடப்போகுது?"

"அங்க போய்ச் சேர எட்டு மைல் இருக்கு. போகணும், திரும்பி வரணும்."

"எதுக்கு இந்தப் பாடு? என் வண்டியில ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப்பை. சுவிச்சத் தட்டுனா ஏறும், தட்டுனா இறங்கும். மதினி பூனைக்குட்டி மாதிரி தூங்கிட்டே வருவாங்க."

எலோய் காந்தம் வைத்த கோணமானியைப் பினியன் முகத்தில் ஒட்டினான். இரண்டு டிகிரி மேலே. கியர்பாக்ஸ் வாலில் ஒட்டினான். மூன்று டிகிரி கீழே. மறுபடி இரண்டையும் பார்த்தான். அதேதான். பூட்டுநட்டுகளை இறுக்கிவிட்டு மேலே ஏறி, லெவியை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது. முன்பலகையில் வைத்த காப்பிக் குவளையில் ஒரு வட்டம் எழவில்லை. திரும்பிவந்து குவளையை லெவியின் கையில் கொடுத்து, "இந்தா, குடி" என்றான்.

*

பெரிய வியாழன் பாதம்கழுவும் பூசைக்கு எலோய் மூன்று பெண்களையும் தன் வண்டியில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். க்ளோரிண்டா இடுப்புப்பட்டையை இறுக்கிக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் பெரியம்மா ஏறுவதற்கு வழக்கம்போல நேரம் பிடித்தது. அகலமான பெண்மணி. முதலில் கைப்பை, அப்புறம் ஒரு கால், அப்புறம் மாதாவே மாதாவே என்று மீதி உடம்பு.

முப்பத்தைந்தில் அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த உறுமல் இல்லை. மெல்லிசாக, பல்லுக்கடியில் மண் நெறிகிறமாதிரி. பெரியம்மா பின்னால் பாதிரியார் யார் காலைக் கழுவுவார், யார் காலைக் கழுவமாட்டார் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எலோய் காதைத் தீட்டினான். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இல்லை என்று வைத்துக்கொண்டான்.

"ஆடுது," என்றாள் க்ளோரிண்டா.

"ஆடல."

"எலோய், ஆடுது."

"ரோடு அப்படி. குளிர்காலத்துல ரோடு கெட்டுப்போயிருக்கு."

"ரோடு போடறவன் நீதான?"

பின்னால் வயோலா சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக்கூடாது. மூன்று நாள் குழிக்குள் கிடந்தவன்; முழங்கையெல்லாம் சிராய்ப்பு; நேற்று குவளை அசையாததைக் கண்ணால் பார்த்தவன். எலோய்க்கு மண்டை சூடேறியது.

"நேத்து அம்பது மைல்ல போனேன். காப்பி சிந்தல. வண்டியில ஒண்ணும் இல்ல. ஆட்டம் உன் முதுகுலதான் இருக்கு. டாக்டர் போட்ட திருகுல போய்ப் பாரு, என் நட்டுல பாக்காத."

சொன்ன மாத்திரத்தில் தப்பு என்று தெரிந்தது. பெரியம்மாகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். க்ளோரிண்டா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையணையை முதுகிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு, கோயில் வரும்வரை நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து லெவியின் வண்டியில் வீடு வந்தாள்.

*

பெரிய வெள்ளிக்கிழமை இரும்பைத் தொடக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, மண்ணைக் கொத்தக்கூடாது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாளில் சுத்தியல் சத்தம் கேட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. எலோய் அவ்வளவு பக்திமான் இல்லை. ஆனால் பக்கத்து வீடு பெரியம்மாவுடையது, அவள் அடுக்களை ஜன்னல் நேராகக் கொட்டகையைப் பார்த்தது. ஸ்பேனர் இருந்தது, நேரம் இருந்தது, கை இருந்தது. தொடமுடியாது. அறுபது மைல் தூரத்திலிருந்துகூட ஜனம் யாத்திரையாக நடந்து சிமாயோ கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசல் வழியாகச் சிலுவை தூக்கிக்கொண்டு போனார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போனார்கள். எலோய் வாளியும் துணியுமாக வண்டியைத் துடைத்தான். துணி இரும்பில்லை.

வீட்டுக்குள் க்ளோரிண்டா கோபமாகச் சட்டியை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாவற்றையும் மெதுவாக வைத்தாள்.

பத்து மணி வாக்கில் பெரியம்மா நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வியர்த்து வந்தாள். "உக்கார எங்கயாவது இடம் இருக்கா? வெயில் மண்டையப் பொளக்குது."

"வண்டியில உக்காருங்க பெரியம்மா. நிழல்ல நிக்குது."

அவன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து டயரின் வெள்ளைப் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே கைப்பை போனது. ஒரு கால் போனது. மாதாவே மாதாவே என்று மீதியும் போனது. ஸ்பிரிங் ஒரு முனகல் முனகியது. அவன் கண்ணெதிரில் மட்கார்டின் விளிம்பு இறங்கி, துடைத்துக்கொண்டிருந்த வெள்ளைப் பட்டையை மறைத்தது. கையிலிருந்த துணி தகரத்துக்கும் டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எலோய் துணியை இழுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, இறங்குங்க."

"இப்பத்தான ஏறினேன்!"

"ஒரு தடவ இறங்கி ஏறுங்க."

"உனக்குப் பைத்தியமா? இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?"

ஆனாலும் இறங்கினாள். பட்டை வெளியே வந்தது. திட்டிக்கொண்டே ஏறினாள். பட்டை மறைந்தது. இரண்டு விரல் தடிமன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலி வண்டியை அளந்திருக்கிறான். காலி வண்டிக்குக் கோணம் வைத்து, காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, காலி வண்டியில் காப்பி சிந்தவில்லை என்று மார்தட்டியிருக்கிறான். ஈஸ்டருக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எவன் காலி வண்டி ஓட்டுகிறான்? குட்டை ஸ்பிரிங். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் உடம்பு இறங்கும், மூக்கு மறுபடி தூக்கிக்கொள்ளும். உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லியிருக்கிறாள்.

"தூ," என்று தன்னையே துப்பிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை துப்பாத," என்றாள் பெரியம்மா உள்ளேயிருந்து.

"கோணமானிய மட்டும் வச்சுப் பாக்கட்டுமா? அளக்கறது வேலை இல்லையே."

"அது எதுல செஞ்சது?"

"பாதி பிளாஸ்டிக்."

"மீதி?"

எலோய் வீட்டுக்குள் போனான். க்ளோரிண்டா அடுப்பருகே இடுப்புப்பட்டையோடு நின்று, முளைகட்டிய கோதுமைமாவில் பனோச்சாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக் களி. கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும்.

"நீ சொன்னது சரிதான்," என்றான்.

"எது?"

"வண்டிதான் ஆடுது. உன் முதுகு இல்ல."

கரண்டி சுற்றியது. "எப்படித் தெரிஞ்சுது?"

"பெரியம்மா உக்காந்தாங்க. வண்டி ரெண்டு விரல் இறங்கிச்சு. நான் காலி வண்டியா வச்சே அளந்திருக்கேன்."

"ஆக, பெரியம்மா உக்காந்தாத்தான் உனக்குப் புரியும். நான் வாயத் திறந்து சொன்னாப் புரியாது."

அவன் பக்கத்தில் வந்து நின்றான். கரண்டிக்குக் கை நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் கிண்டினான்.

"நேத்து சொன்னது... சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்." மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். "வேகமாக் கிண்டு. அடிப்பிடிக்குது."

"நாளைக்கு நீங்க எல்லாரும் ஞாயித்துக்கிழம உக்கார்ற மாதிரியே வண்டியில உக்காரணும். நான் கீழ இருந்து திருகணும். ஒரு மணி நேரம் ஆவும்."

"அரை மணி. அதுக்கு மேல இந்தத் திருகு கேக்காது." முதுகைத் தொட்டுக் காட்டினாள். "அரை மணிக்குள்ள முடிச்சா உன் வண்டி. இல்லன்னா லெவி வண்டி. அப்புறம் எங்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

*

சனிக்கிழமை காலை எலோய் பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தான். மறுநாள் எடுத்துப்போகிற ஐஸ்பெட்டியில் ஐஸும் சோடாவும் போட்டு டிக்கியில் வைத்தான். உருளைக்கிழங்கு சாலட் இன்னும் ஆகவில்லை என்பதால் அந்தப் பாத்திரத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றி வைத்தான். வண்டியைக் குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினான். இப்போது ஆள்.

பெரியம்மா வரமாட்டேன் என்றாள். அடுப்பில் மிளகாய்க் குழம்பு கொதிக்கிறது.

"அப்ப உங்க எடைய சொல்லுங்க. அதுக்குச் சரியா கோழித்தீவன மூட்டைய வச்சு அளந்துக்கறேன்."

கொட்டகை வாசலில் நின்றிருந்த வயோலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடையா?" என்றாள் பெரியம்மா. "எங்கிட்டயா கேக்கற? செத்துப்போன என் புருஷனுக்கே அத நான் சொன்னதில்ல. மூட்டையாம்! நகரு." குழம்பை இறக்கிவைத்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

பக்கத்தில் வயோலா. முன்னால் க்ளோரிண்டா, தலையணையோடு. ஏறும்போது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து அம்பது," என்றாள். ஒரு இடம்தான் பாக்கி. எலோய் குழிக்குள் இருக்கவேண்டும் என்றால் அவன் இடத்தில் யாரோ உட்காரவேண்டும். லெவியைத் தவிர யாரும் இல்லை.

லெவி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைத் தடவினான். "அடடே. ரொம்ப நாளா இங்க உக்காந்து பாக்கணும்னு ஆசை."

"எதையும் தொடாத. கைய மடியில வை."

"உன்னவிட நாப்பது பவுண்டு கூடுதல் நான். பரவாயில்லையா?"

"நீ முன்னால இருக்க. பின்னால அவ்வளவா தாக்காது. வாய மூடிட்டு இருந்தா எடை இன்னும் குறையும்."

ஆள் ஏறிய உயரத்துக்கு அடையாளமாக, மட்கார்டின் விளிம்புக்கு நேராக டயரில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டான். பிறகு குழிக்குள் இறங்கினான். கோணமானியை ஒட்டினான். வால் மூன்றரை கீழே. மூக்கு ஐந்து மேலே. ஐந்து! தலைக்கு மேலே இருந்த இரும்பைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புகூட வரவில்லை. இரண்டரைக்குக் கொண்டுவர வேண்டும்.

பூட்டுநட்டுகளை இளக்கினான். இடது மேல்கையில் அரைச் சுற்று, வலது மேல்கையில் அரைச் சுற்று. ஒரு பக்கம் மட்டும் திருகினால் முறுக்கிக்கொள்ளும். கை குட்டையானால் அச்சின் தலை முன்னால் வரும், மூக்கு இறங்கும். ஆள் எடை முழுக்க ஏறி நின்றதால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஸ்பேனரில் தொங்கவேண்டியிருந்தது. நாலரை. நாலு. மூன்றே முக்கால். நாலேகால்.

"யாரு அசைஞ்சது?"

மேலே சீட்டு கிறீச்சிட்டது.

"யாரு அசைஞ்சீங்க?"

"ஜெபமாலை கீழ விழுந்துருச்சு," என்றாள் பெரியம்மா. "எடுத்தேன்."

"ஜெபமாலை கிடக்கட்டும்!"

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அசையாம இருங்க, உங்க கால்ல விழறேன்."

"குழிக்குள்ள இருந்துட்டு எப்படி விழுவ?" என்றான் லெவி. வயோலா சிரித்தாள். சிரிப்பில் வண்டி குலுங்கியது. கோணமானியின் முள் ஆடியது. எலோய் நெற்றியை ரயில்கட்டையில் சாய்த்துக்கொண்டு பத்துவரைக்கும் எண்ணினான்.

"பதினொண்ணு அஞ்சு," என்றாள் க்ளோரிண்டா. குரல் இறுகியிருந்தது. வலிக்க ஆரம்பித்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும்.

இடது, வலது. இடது, வலது. வலதுபக்கம் ஸ்பேனர் நழுவி விரல் முட்டியை ரயில்கட்டையில் அறைந்தது. தோல் உரிந்தது. வாய்வரை வந்த கெட்டவார்த்தை மேலே நடந்துகொண்டிருந்த அருள்நிறைந்த மரியே ஜெபத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மூன்று. இரண்டே முக்கால்.

"சகல, இங்க ஒரு சுவிச்சு இருக்கே, அது எதுக்கு?"

"லெவி!"

"சும்மா கேட்டேன்பா."

"பதினொண்ணு பதினஞ்சு. எலோய், அஞ்சு நிமிஷம்தான்."

இரண்டரை. இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டு மேல்கையின் மரைகளையும் எண்ணினான். சமம். மறுபடி வாலை அளந்தான், மறுபடி மூக்கை அளந்தான். பூட்டுநட்டுகளில் ஸ்பேனரை வைத்து உடம்பு எடையைப் போட்டான். ரத்தமும் கிரீஸுமாக ஏறி வந்தபோது கடிகாரத்தில் பதினொன்று பத்தொன்பது. லெவியின் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"எழுந்திரு."

"அதுக்குள்ளயா? இப்பதான் சூடாச்சு."

"எழுந்திரு."

லெவியின் இடத்தில் உட்கார்ந்து, ஆட்களை இறக்காமலே வண்டியைப் பின்னுக்கு எடுத்து ரோட்டில் இறக்கினான். இருபத்தைந்து, முப்பது. க்ளோரிண்டாவின் இரண்டு கையும் முன்பலகையில் இருந்தன. முப்பத்தைந்து. எலோய் அவளைப் பார்க்கப் பயந்து வேகமுள்ளையே பார்த்தான். முப்பத்தெட்டு. நாற்பது. டயர் தாரை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தைந்தில் அவள் வலதுகையை எடுத்துத் தலையணைமேல் வைத்துக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் இடதுகையையும் எடுத்தாள்.

பாலம் தாண்டும்வரை அவன் பொறுத்தான். அதற்குமேல் முடியவில்லை.

"ஆடுதா?"

க்ளோரிண்டா ஜன்னல்வழியாக ஆப்பிள் மரங்களைப் பார்த்தாள். "ரோடு இன்னிக்கு நல்லா இருக்கு," என்றாள். "போட்டவன் யாருன்னு தெரியல."

*

ஈஸ்டர் காலை. லெவி தன் மாண்டே கார்லோவைத் துடைத்துவிட்டு வாசலில் நின்றான். நோன்பு முடிந்த சந்தோஷத்தில் இரண்டாவது பீர் நடந்துகொண்டிருந்தது. க்ளோரிண்டா கட்லஸின் முன்சீட்டில் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். வயோலா பின்னால். பெரியம்மாவைத்தான் காணோம்.

வயோலா எட்டிப்பார்த்துக் கூப்பிட்டாள். அடுக்களை ஜன்னல் திறந்தது.

"நான் வரல. நேத்து அரைமணி நேரம் ஆடாம அசையாம உக்கார வச்சான் பாரு, கால் ரெண்டும் பூசணியா வீங்கிக் கிடக்கு. நீங்க போங்க."

லெவி தொண்டையைச் செருமினான். "அப்ப கோணம் போச்சா, சகல?"

எலோய் பெரியம்மாவிடம் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற சரக்கு எல்லாம் அந்த வாரத்தோடு தீர்ந்துபோயிருந்தது. கோழிக்கூட்டுக்குப் போய் ஒரு தீவன மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஐம்பது பவுண்டு மூட்டை. பின்சீட்டில், பெரியம்மாவின் இடத்தில் வைத்தான். வண்டியை நிறுத்தும்போதே டயரில் ஒட்டிய நாடா நேர்மேலே வரும்படி உருட்டி வைத்திருந்தான்; குனிந்து அதைப் பார்த்தான். விளிம்பு பென்சில் கோட்டுக்கு வெகு மேலே இருந்தது. போய் இரண்டாவதைக் கொண்டுவந்தான். குனிந்து பார்த்தான். மூன்றாவது. கொஞ்சம் இறங்கியது. தெருவில் போன ஒரு வண்டி வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தது.

"எலோய், என்ன பண்ற?" என்றாள் ஜன்னலிலிருந்து பெரியம்மா.

"உங்க இடத்துக்கு மூட்டை வைக்கறேன். கோடு சேர்ற வரைக்கும்."

நாலாவதைக் கொண்டுவந்தான். குனிந்தான். இன்னும் ஒரு விரல் பாக்கி. லெவி வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. ரோட்டில் இரண்டாவது வண்டியும் நின்றிருந்தது.

எலோய் ஐந்தாவது மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாதி முற்றம் வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பெரியம்மா ஈஸ்டர் தொப்பியோடு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் காலுறையுமாக வந்தாள்.

"அதக் கீழ வை."

"இன்னும் ஒரு விரல் இறங்கணும் பெரியம்மா."

"கீழ வைன்னு சொன்னேன். அந்த மூட்டை எல்லாத்தையும் வெளிய எடு. எடுடா! ஊரே எண்ணிட்டு நிக்குது."

அவன் எடுத்தான். நாலு மூட்டையையும் ஒவ்வொன்றாக. அதுவரை பெரியம்மா ரோட்டில் நின்ற வண்டிக்காரர்களை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பை போனது, ஒரு கால் போனது, மீதியும் போனது. மாதாவைக் கூப்பிடவில்லை. அவ்வளவு கோபம்.

முன்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எலோய் பதறிப்போய்ப் பார்த்தான். க்ளோரிண்டா ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அக்டோபருக்கு அப்புறம் அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை. "வலிக்குது," என்றாள், கண்ணில் நீரோடு. "சிரிக்க வைக்காத. வலிக்குது. வண்டிய எடு."

அவன் பின்சக்கரத்தருகே குந்தி ஒரு தடவை பார்த்தான். விளிம்பு கோட்டில் உட்கார்ந்திருந்தது. நாடாவைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தன் இடத்தில் ஏறினான்.